வடிகால் வேந்தர்க்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ.

மாட்சிமை பொருந்திய மழைநீர் வடிகால் பெருந்தகையே! சிமெண்டால் ஆன திருமேனியும் கான்கிரீட் பலகையால் ஆன திருமுடியும் தாங்கி, சென்னை மாநகரின் தெருவோரங்களில் 2,000 கிலோமீட்டருக்கும் மேலாகக் கால் நீட்டிப் பள்ளிகொண்டிருக்கும் பேரரசே! பண்டைப் புலவர்கள் வேந்தர்களை அரியணைக்குக் கீழே நின்று பாடினார்கள். அடியேன் தங்கள் அருள்வெள்ளத்தின் நடுவிலேயே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் நீரில் நின்று பாடுகிறேன். இந்தப் பேறு கம்பருக்கும் வாய்த்ததில்லை, ஒட்டக்கூத்தருக்கும் வாய்த்ததில்லை.

தங்கள் புகழைச் சொல்லுமுன், தாங்கள் அவதரிப்பதற்கு முன் இந்த ஊர் கிடந்த கிடப்பைச் சொல்ல வேண்டும். தொண்டை மண்டலத்துப் பழங்குடிகள் மழையைச் செல்வம் என்று நம்பிய பேதைகள். மேடு எது, பள்ளம் எது என்று பார்த்துப் பள்ளத்துக்குக் கரை கட்டி ஏரியாக்கினார்கள். ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போயிற்று. அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. கடைசியில் சதுப்பு நிலத்தில் சற்றே இளைப்பாறிக் கடலுக்கு. இதற்கு டெண்டர் கிடையாது, மறுமதிப்பீடு கிடையாது, ரிப்பன் வெட்டும் விழா கிடையாது. கோடையில் ஊர் கூடி வண்டலை அள்ளி வயலில் போட்டால் அந்த ஆண்டுப் பராமரிப்பு முடிந்தது. சதுர அடிக்கு ஒரு காசும் விலைபோகாமல் இப்படி எத்தனை நூற்றாண்டு வீணாய்க் கிடந்தன அந்த ஏரிகள்!

அந்த அறியாமையிலிருந்து நகரத்தை மீட்ட பெரியோரை முதலில் வணங்க வேண்டும். வெள்ளையர் தங்கள் வரைபடத்தில் ‘லாங் டேங்க்’ என்று குறித்த மாம்பலத்து நெடிய ஏரி 1920களில் தூர்க்கப்பட்டு, அதன் மடியில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே மழையைப் போற்றும் வான்சிறப்புதான். அந்த அதிகாரத்தைக் கல்லில் பொறித்து வைக்க மழை வந்து தங்கிய ஏரியையே இடமாகத் தேர்ந்த நுண்ணறிவை உலகில் வேறெங்கு காண முடியும்? மேற்கு மாம்பலத்தில் ஏரி போய்விட்டாலும் லேக் வியூ சாலை என்ற பெயரை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் பொய்த்துவிடக் கூடாதே என்று ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசியிலோ கார்த்திகையிலோ, சாலையின் இருபுறமும் ஏரியை வரவழைத்துக் காட்டும் தங்கள் வாய்மைக்கு ஈடு ஏது?

ஏரிகள் அத்தனையும் செய்த வேலையை மூன்றடி அகலத்தில் முடித்துக் காட்டுவேன் என்று தோள் தட்டி வந்தவர் தாங்கள். அந்தத் துணிவை எங்கள் தெருவிலேயே கண்ணாரக் கண்டவன் நான். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் தாங்கள் எழுந்தருளிய நாள் இன்னும் நினைவில் நிற்கிறது. மண்வெட்டும் இயந்திரம் முன்னே வர, கம்பிக் கட்டுகள் பின்னே வர, சரியாகப் புரட்டாசி மாதத்தில் தெருவைத் தோண்டினார்கள். வைகாசியில் தோண்டியிருந்தால் வெறும் மண்ணைத்தான் பார்த்திருப்போம். புரட்டாசியில் தோண்டியதால் பள்ளமும் மழையும் ஒன்றையொன்று சந்திக்கும் அரிய காட்சியைப் பார்த்தோம். ஆறு வாரம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அகழி இருந்தது. கோட்டை கொத்தளத்தோடு வாழ்ந்த மன்னர்களின் பெருமிதத்தை ஒண்டுக்குடித்தனக்காரருக்கும் வழங்கினீர்கள். ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். நகரத்தின் வேறு தெருக்களில் இத்தகைய பள்ளங்களில் விழுந்து உயிரையே காணிக்கை தந்தவர்களும் உண்டு. அவ்வளவு உயர்ந்த காணிக்கையையும் முகம் கோணாமல் ஏற்றுக்கொள்பவர் தாங்கள்.

வேலை முடிந்து மூடி போட்ட மறுநாள், எதிர்வீட்டுப் பெரியவர், நெல் விளைந்த ஊரிலிருந்து வந்தவர், நீரோட்டம் பார்க்க ஆசைப்பட்டார். முதல் மழையில், கோயில் பக்கத்துத் திறப்பில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டார். இரண்டு மூடிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நாங்கள் கூட நடந்தோம். பழம் ஆடி அசைந்து டீக்கடை வரை போயிற்று. அங்கே ஒரு சுவர். வடிகால் அவ்விடத்தோடு நிறைவு பெற்றிருந்தது. பழம் சுவரில் முட்டியது, சற்று நின்றது, பிறகு வந்த வழியே கோயிலை நோக்கித் திரும்பி வரத் தொடங்கியது. “தம்பி, இது கால்வாய் இல்லை, தொட்டி” என்றார் பெரியவர். கிராமத்து மனிதர், வேறு எப்படிச் சொல்வார்? போன நீரை வெறுங்கையோடு அனுப்பாமல் மீண்டும் வீட்டுக்கே அழைத்து வரும் விருந்தோம்பல் அவருக்குப் புரியவில்லை.

இந்த விருந்தோம்பலை நிலைநிறுத்தத் தங்கள் பரிவாரங்கள் படும் பாடுதான் என்ன! தெருநீர் தங்களுக்குள் இறங்க ஓரத்தில் சிறு திறப்புகள் வைத்திருந்தார்கள். பிறகு சாலை போட வந்தவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புதுத் தாரை ஊற்றி, அந்தத் திறப்புகளையும் அன்போடு மூடினார்கள். மழைநீரின் தொல்லையிலிருந்து மழைநீர் வடிகாலுக்கே பாதுகாப்பு! சாலை உயர உயர, வாசற்படி மூன்றாக இருந்த வீடுகள் இரண்டு படியாகி, ஒரு படியாகி, பிறகு படி இறங்கி உள்ளே போகும் குகைக்கோயில்களாகிவிட்டன. வசதி உள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்து நான்கடி தூக்கிக்கொள்கிறார்கள். காலைத் தூக்கி நடக்கச் சொன்ன நகரங்கள் உண்டு. வீட்டைத் தூக்கி நிற்கச் சொன்ன நகரம் இது ஒன்றுதான்.

பருவமழைக்கு முன் தங்களுக்கு நடக்கும் தூர்வாரும் திருவிழாவையும் பாட வேண்டும். மூடியைப் பெயர்த்து, கறுத்துக் குழைந்த சகதியை வாளி வாளியாக அள்ளி, தங்கள் விளிம்பிலேயே கோபுரம் கோபுரமாகக் குவிக்கிறார்கள். அதற்குள் இறங்குகிற தொழிலாளியின் கையில் உறை இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. சகதிக் கோபுரம் ஒரு வாரம் அங்கேயே காய்கிறது. அள்ளிப் போக லாரி வருவதற்குள் மழை வந்து, கோபுரம் முழுவதையும் கரைத்து, ஒரு பிடியும் குறையாமல் தங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் ஒழுக்கத்தை எங்கள் பிள்ளைகள் தங்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

தங்கள் பெருங்கருணையின் சிகரம், கழிவுநீரைத் தாங்கள் தள்ளி வைக்காதது. பெயர் மழைநீர் வடிகால்தான். ஆனால் மழை ஆண்டில் மூன்று மாதம். மற்ற ஒன்பது மாதமும் இவ்வளவு பெரிய திருமேனி சும்மா கிடக்கலாமா? பாதாள சாக்கடை இணைப்பு இல்லாத கட்டிடமும், இணைப்பு இருந்தும் கட்டணத்தை நினைத்து வருந்திய கட்டிடமும் இரவோடு இரவாகக் குழாயைத் தங்களுக்குள் செருகின. தாங்கள் ஒருவரையும் கடிந்ததில்லை. குளியலறை நீர், சமையலறைக் கொழுப்பு, உணவக எண்ணெய், கழிப்பறைக் கழிவு என எல்லாவற்றையும் ஏற்று, விருகம்பாக்கம் கால்வாய், மாம்பலம் கால்வாய் வழியே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் சீதனமாக அனுப்பிவைக்கிறீர்கள். 1973இல் அரசு கூவத்தைச் சீரமைத்துப் படகு விட்ட காலம் ஒன்று உண்டு. அதில் மனிதர்கள் மூக்கைத் திறந்தபடியே பயணம் செய்தார்களாம். இன்று பாலத்தைக் கடக்கும் அரை நிமிடத்தில் நகரத்து மக்கள் அனைவரும் மூச்சடக்கிப் பிராணாயாமம் பழகுகிறார்கள். சாதி, மதம், வர்க்கம் எதுவும் பாராமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் யோகம் கற்பித்த ஆசான் வேறு யார்?

ஆறுகளுக்கும் தாங்கள் காட்டும் மரியாதை குறைவில்லை. வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு என்று இறைவன் மூன்று ஆறுகளைக் கொடுத்தான். கரையோரமாக எல்லாவற்றையும் தைத்துக்கொண்டு போகும் பக்கிங்ஹாம் கால்வாயை வெள்ளையர் ஆட்சி விட்டுச் சென்றது. படகுகள் போன அந்தக் கால்வாய் தனிமையில் வாடுமே என்று அதன் வயிற்றிலேயே தூண்களை ஊன்றிப் பறக்கும் ரயிலை ஓடவிட்டோம். அடையாற்றின் மேல் விமான ஓடுபாதைக்கே பாலம் கட்டினோம். 2015 டிசம்பரில் ஆறு அந்த மரியாதைக்கு நன்றி சொல்ல நேரிலேயே ஏறி வந்தது. விமானங்கள் நாள் கணக்கில் அசையாமல் நின்று வணக்கம் செலுத்தின.

தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். தென்சென்னையின் ஏரிகள் பலவும் கலங்கல் வழிந்தால் வந்து சேரும் தாழ்வாரம் அது. மழை நாளில் நீரை உறிஞ்சி வைத்து, ஒக்கியம் மடுவு வழியே மெல்ல மெல்லக் கடலுக்கு விடும். அந்த மந்த குணத்தைத் திருத்தி, அதன்மேல் குப்பைக் கிடங்கு வைத்தோம், சாலை போட்டோம், கண்ணாடிக் கோபுரங்கள் எழுப்பினோம். மிச்சமிருப்பது உலகச் சிறப்பு வாய்ந்தது என்று 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டுச் சில்லறைக்குப் பட்டயம் வாங்கும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிலைமை வேறு. அங்கே கடற்கரை மணல், எவ்வளவு மழை பெய்தாலும் தானே குடித்துவிடும். நீர் தேங்காத அந்த மணலுக்கும் தங்களை எழுந்தருளச் செய்ய முனைந்தார்கள். தாகமில்லாதவருக்கும் தண்ணீர்ப் பந்தல்! பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கே வந்து நிறுத்தியது அந்த மணலின் பாவம்.

தங்கள் வீர வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டியது 2015. டிசம்பர் 1ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. கரையோர மக்கள் நள்ளிரவில் எழுந்து பார்த்தபோது கட்டிலே ஓடமாகியிருந்தது. இந்த அருஞ்செயலை மழையின் கணக்கில் எழுதி மனிதரின் பெருமையைக் குறைத்துவிடுவார்களோ என்று அஞ்சினோம். நல்லவேளை, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே சான்றளித்தார். உரியவருக்கு உரிய புகழ் போய்ச் சேர்ந்தது.

அதற்கு நான்கே ஆண்டில், 2019 கோடையில், அதே நகரத்தின் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். வந்த நீரையெல்லாம் ஓடு ஓடு என்று கடலுக்கு விரட்டிவிட்டு, பிறகு 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தண்ணீரைப் பயணச்சீட்டு எடுத்து வரவழைத்த செல்வச் செழிப்பு குபேரன் பட்டணத்திலும் இருந்திருக்காது.

மீண்டும் 2021இல் தாங்கள் தியாகராய நகரில் திருவிளையாடல் புரிந்தபோது, ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது. தங்களை ஆராயப் போனவரின் பெயரே திருப்புகழ் என்று அமைந்தது தங்கள் ஜாதக விசேஷம். ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி என்று பன்னாட்டுக் கருவூலங்கள் தங்கள் பொருட்டுத் திறந்தன. குழு 2023இல் இறுதி அறிக்கையை அளித்தது. தங்களுக்காக 4,000 கோடி ரூபாய் என்ற எண் மேடைதோறும் முழங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் வந்தது. நீர் கோடிகளை எண்ணிப் பார்க்கவில்லை, பள்ளத்தைத்தான் பார்த்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தாங்கள் நாள் கணக்கில் வீட்டுக்குள் தங்கி அருள் பாலித்தீர்கள். மணலிப் பக்கத்து எண்ணெய்க் கழிவு வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் கறுப்புப் பட்டு விரித்தது. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு, கைகளால் அந்தப் பட்டைச் சுருட்டினார்கள். அவர்கள் வலையிலும் படகிலும் அலையாத்தி மரங்களின் அடியிலும் அந்தக் கறுப்பு நெடுநாள் ஒட்டியிருந்தது. மழைநீரோடு வேறு எதுவும் கலக்கக் கூடாது என்ற குறுகிய நோக்கம் தங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

தங்கள் படைக்கலங்களையும் பார்த்து வியந்தேன். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், இதே தொண்டை நாட்டு மன்னனின் படைக்கொட்டிலில் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு வைத்திருந்த வேல்களைக் கண்டு எவ்வளவு மனமாரப் புகழ்ந்தாரோ, அவ்வளவு மனமார நானும் புகழ்கிறேன். வரிசை வரிசையாக மோட்டார் பம்புகள், டிராக்டர்கள், படகுகள். ஒவ்வொன்றிலும் புதுச் சாயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம். ‘போர்க்கால அடிப்படையில்’ என்ற மங்கலச் சொல் முழங்க அவை தெருவுக்கு வருகின்றன. எங்கள் தெருநீரை உறிஞ்சிப் பக்கத்துத் தெருவில் விடுகின்றன. பக்கத்துத் தெருவின் மோட்டார் அதை உறிஞ்சி எங்களிடம் அனுப்புகிறது. இப்படி இரண்டு தெருவுக்கும் இடையே உறவு வளர்கிறது.

நீரின் ஒரு துளிக்கு இந்த நகரத்தில் கிடைக்கும் அரவணைப்பு பெற்ற பிள்ளைக்கும் கிடைக்காது. தெருவில் விழுந்தால் மாநகராட்சியின் பிள்ளை. பெரிய சாலையில் உருண்டால் நெடுஞ்சாலைத் துறையின் பிள்ளை. சாக்கடையில் கலந்தால் குடிநீர் வாரியத்தின் பிள்ளை. ஏரிக்கோ ஆற்றுக்கோ போனால் நீர்வளத் துறையின் பிள்ளை. தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதையில் நின்றுவிட்டால் ரயில்வேக்கும் அதில் பங்கு உண்டு. இத்தனை பெற்றோர் இருந்தும் வீட்டுக்குள் புகுந்த பிறகு அந்தத் துளிக்கு உரிமை கோர ஒருவரும் வருவதில்லை. அப்போது முறத்தாலும் துடைப்பத்தாலும் அதைச் சீராட்டும் பொறுப்பு எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வந்துவிடுகிறது.

குடிகளின் அறிவையும் தாங்கள் வளர்த்திருக்கிறீர்கள். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். பால் பாக்கெட், மெழுகுவத்தி, மருந்து எல்லாம் பரணுக்குப் போகின்றன. ஆதார் அட்டையும் பட்டாவும் பிளாஸ்டிக் உறைக்குள் போகின்றன. நோயாளிகளும் முதியவர்களும் மாடிவீட்டு உறவினரிடம் போகிறார்கள். மாடி உறவினர் இல்லாத கூவக்கரைக் குடிசைக்காரர்கள் பள்ளிக்கூட முகாமுக்குப் போகிறார்கள். வெள்ளம் வடிந்ததும் ஆற்றுக்கு ஆக்கிரமிப்பு அவர்களால்தான் என்று கண்டறியப்பட்டு, ஊருக்கு வெளியே குடியமர்த்தப்படுகிறார்கள். ஆற்றங்கரையில் நிற்கும் பத்து மாடிக் கட்டிடத்தை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லி நோகடிப்பதில்லை. உயர்ந்தோரை உயர்வாக நடத்தும் பண்பாடு இது.

இனி என்னிடம் புகழ்மொழி மிச்சமில்லை. பாடி முடித்தவன் பரிசில் கேட்பது புலவர் மரபு. நானும் கேட்கிறேன். யானை வேண்டாம், பொன் வேண்டாம், நிவாரணத் தொகையும் வேண்டாம். ஒவ்வொரு தெருவிலும் தங்கள் பெயர்ப்பலகையில் மதிப்பீட்டுத் தொகையும் திறந்து வைத்தவர் திருநாமமும் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி எழுதித் தந்தால் போதும்: இந்த வடிகாலின் நீர் எங்கே போய்ச் சேர்கிறது? எந்தக் கால்வாய்க்கு, எந்த ஏரிக்கு, எந்த ஆற்றுக்கு? அந்த ஒரு வரியை எழுத முடியாத இடத்தில் தங்களைக் கட்ட வேண்டாம். எழுத முடிந்த இடத்தில் அந்த ஏரியையும் அந்தச் சதுப்பையும் விட்டு வையுங்கள்.

ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று மாலை டீக்கடைக்குப் பக்கத்து மூடியைப் பெயர்த்துத் தூர்வாரினார்கள். சகதியோடு ஓர் எலுமிச்சம்பழமும் வந்தது. கறுத்துச் சுருங்கிப் போய், சுவர் ஓரமாகவே கிடந்திருந்தது.